மாடில்லாத காபிக்கு அஞ்சு ரூபா அதிகம்

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் அட்டையில் நானே பார்த்திருக்கிறேன். கூப்பிடத்தான் ஆளில்லை. மகாபலிபுரத்தில் கடற்கரைக்குப் போகிற அந்தத் தெருவில் மீன்காரர், பால்காரர், லாட்ஜ்காரர், போலீஸ்காரர் எல்லோருக்கும் அவள் அக்காதான். வெள்ளைக்காரர்கள் அதுவே பெயர் என்று நினைத்து 'மிஸஸ் அக்கா' என்பார்கள். அவளும் திருத்த மாட்டாள். "கூப்ட்டா திரும்பணும். திரும்புறேன் இல்ல? அப்புறம் இன்னா?" என்பாள்.

அவள் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓலைக் கூரை, ஆறு மேசை, பின்னால் ஓர் அடுப்படி. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். படிக்காத குறையைக் கவலைப்பட்டே சரிக்கட்டிக்கொண்டிருந்தேன். விடிந்தால் கடலுக்குப் போன வீட்டுக்காரரைப் பற்றிக் கவலை. அவர் வந்து படுத்துவிட்டால் கடை சிலிண்டரைப் பற்றிக் கவலை. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது "யக்கா, கேஸ் நாத்தம் வருது" என்று கத்துவேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அது நேத்து வெச்ச கருவாட்டுக் கொழம்புடி" என்பாள்.

சிலிண்டரைவிட எனக்குப் பெரிய பயம் வாசலில் தொங்கிய பலகை. லாட்ஜ் மேனேஜர் ஒருவர் அக்கா சொல்லச்சொல்ல இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தது அது. கவ் காபி எட்டு ரூபாய். நோ கவ் காபி பதின்மூன்று ரூபாய். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர்களில் ஒரு சாரார் மாட்டுப்பாலைத் தொட மாட்டார்கள். பால் வேண்டாம், ஆனால் பால் மாதிரி ஒன்று வேண்டும் என்பார்கள். அக்கா முதலில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தாள். காபிமேல் எண்ணெய் மிதந்தது. வேர்க்கடலைப் பால் ஊற்றினாள்; பச்சை வாசம் போகவில்லை. கடைசியில் இரண்டு மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், சோயா பயறில் பால் எடுப்பதைத் தாளில் படம் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பயறு அப்போது செங்கல்பட்டு பஜாரில் ஒரே ஒரு மளிகைக்கடையில்தான் கிடைக்கும். அக்கா பஸ் பிடித்துப் போய் வாங்கி வருவாள்.

பலகையைப் படித்தவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். அதுதான் என் பயம். அக்காவிடம் மட்டும் யாரும் ஏன் என்று கேட்டுவிடக் கூடாது.

சென்னையிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர் கேட்டார். "ஏம்மா, இதுல மாடே இல்ல. புல்லு வேணாம், புண்ணாக்கு வேணாம், சாணி அள்ள வேணாம். அப்போ வெல கம்மியால்ல இருக்கணும்?"

நியாயமான கேள்விதான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "எழுந்துரு நைனா. உள்ள வா."

"எதுக்கு?"

"நீயே பண்ணு. நீ பண்ணினா அஞ்சு ரூபா கெடையாது. எட்டு ரூபாதான்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஊறிய பயறைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துத் தோலை மிதக்க விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்தார். வேட்டித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிந்தார். பாதிப் பால் பாத்திரத்திலும் மீதி அவர் சட்டையிலும் விழுந்தது. பிறகு அடுப்பு. மாட்டுப்பாலாவது பொங்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கும். சோயாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கண்ணாடியைத் துடைக்க அவர் ஒரு நொடி திரும்பினார். நுரை எழுந்து அடுப்பையே அணைத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் பதின்மூன்று ரூபாயை வைத்தார்.

"எட்டுதாம்பா. நீதான பண்ணின?"

"வேணாம்மா. அடுத்த வாட்டி நீங்களே பண்ணிடுங்க."

இந்த விஷயம் லாட்ஜ்களில் பரவிவிட்டது. ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் நுழைவதற்காகவே வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். தாடி வைத்த ஒருவன் துணி பிழிவதைத் தன் கூட்டாளியை விட்டுப் படம் எடுத்துக்கொண்டான். எனக்கு உயிரே இல்லை. இவன் கையைச் சுட்டுக்கொண்டால் போலீஸ் வரும், அவன் நாட்டுக்காரர்கள் வருவார்கள், என்னைத்தான் முதலில் பிடிப்பார்கள். "யக்கா, வாயால சொல்லி அனுப்பிட்டா இன்னா?" என்று கெஞ்சினேன்.

"வாயால சொன்னா மீனு நல்லாயிடுமாடி?"

அவளுடைய எல்லாப் பேச்சும் போய் நிற்கிற இடம் அது. கல்யாணமான புதிதில் அக்கா தலையில் கூடையோடு திருக்கழுக்குன்றம்வரை மீன் விற்றவள். மற்றவர்கள், வாங்குகிறவர் கேட்டால்தான் செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள். அக்கா கூடையை இறக்கியதும், யாரும் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு மீனாக எடுத்துச் செவுளைப் பிரித்து மூக்குக்கு நேராக நீட்டுவாள். சிவப்பாக இருந்தாலும் நீட்டுவாள், வெளுத்திருந்தாலும் நீட்டுவாள். "இது நேத்திக்குப் புடிச்சது, பாத்துக்கோ" என்று அவளே சொல்லி, வாங்க வந்தவர்களை ஓட்டிவிட்ட நாட்களும் உண்டு. கூடை போனபிறகும் அந்தக் கை போகவில்லை. அவளுக்கு எதுவும் திறந்து தெரிய வேண்டும்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதே கதி. பஜ்ஜியை வைத்த கையோடு அக்காவே ஆரம்பித்தாள். "பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா காலைல ஒம்போது மணிக்கு முன்ன எழுந்திருக்காது. கோவம் வந்தா டம்ளர் பறக்கும். கொழம்புல உப்பு ஒரு நாளிக்கு இருக்கும், ஒரு நாளிக்கு இருக்காது." இரண்டு கூட்டம் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவதாக வந்த பையனின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "எம் புள்ள பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பான்" என்றாள். அங்கேயே தேதி குறித்தார்கள்.

பலகையைப் பார்த்துக் கோபித்துக்கொண்ட ஒரே உள்ளூர்க்காரர் எங்கள் பால்காரர். "இன்னாம்மா இது? எம் மாட்டைப் போய் நோன்னு எழுதி வெச்சுகினு கீற?"

"மாட்டுக்கு மரியாததான் அண்ணாத்த," என்றாள் அக்கா. "நீ காலைல போய்க் குந்தினா அது பாலக் குடுக்குது. அரைக்கறது, புழியறது, வடிகட்டறது எல்லாத்தையும் அது வயித்துக்குள்ளயே முடிச்சு வெச்சிருது. இதுல அந்த வேலைய யாரு பண்றது? இந்தப் பாலுக்கு மாடு நாங்க ரெண்டு பேருதான்."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் புண்ணாக்கு வாங்கியாரட்டா?"

"அதுக்குத்தான்யா அஞ்சு ரூபா!"

பால்காரர் சமாதானமாகிவிட்டார். போகும்போது சோயா சக்கையை வாளியில் வாரிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நோ கவ் காபியின் சக்கையைத் தின்றுதான் கவ் காபிக்கான பால் வந்தது. இது வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு வாரம் கவலைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் வரும். அப்பாவுக்கு அங்கே ஆபீசில் வேலை. சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஆறு வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தைக்கு ஒரு வாய் மாட்டுப்பால் உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்கும்; இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். "எந்தக் கடைக்குப் போனாலும் இவ மட்டும் தண்ணியக் குடிச்சுட்டு எங்க வாயப் பாத்துக்கிட்டு இருப்பாக்கா," என்றாள் அம்மா. "உங்க கடையிலதான் எல்லாரையும் போல டம்ளர்ல வாங்கிக் குடிக்கிறா." அந்தப் பெண் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி கேட்கும்: "எனக்கு ஒரு பால். ஸ்ட்ராங்கா."

அந்தக் குழந்தை வர ஆரம்பித்தபிறகு அக்கா சோயாவுக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் துணி வைத்தாள். பாத்திரத்தின் காதில் நீலக் கயிறு கட்டினாள். அதில் மாட்டுப்பால் பட்ட கரண்டி விழுந்தால் என் கையை ஒடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்கம் புதுக் கடை வந்தது. பிரம்பு நாற்காலி, பாட்டு, வாசலில் பலகை: சோயாவுக்கு எக்ஸ்ட்ரா இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் எந்தக் காபியானாலும் பதினைந்து ரூபாய். யாரும் அதைப் பார்க்கவில்லை. 'எக்ஸ்ட்ரா இல்லை' என்பதைத்தான் பார்த்தார்கள். மூன்றே வாரத்தில் எங்கள் ஆறு மேசையில் நாலு காலி.

"யக்கா, நம்பளும் எல்லாக் காபியையும் ஒரே பத்து ரூபான்னு வெச்சுட்டு, எக்ஸ்ட்ரா இல்லன்னு எழுதிப்போம்," என்றேன்.

"சும்மா பால் காபி குடிக்கறவன் எதுக்குடி அவனுக்கே தெரியாம பயறுக்குத் துட்டு குடுக்கணும்? அது அவன் பாக்கெட்ல கைய வுடறது."

"அப்ப கடைய மூடிட்டுப் போலாமா?"

"மூடினா மூடறோம்."

அவளுக்கு என்ன? எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை மூடினால் வேறு யார் ஏழாவது படித்தவளைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

ஒரு வியாழக்கிழமை காலை அக்கா மீன் வாங்கப் போயிருந்தாள். மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் வந்து நோ கவ் காபி கேட்டார்கள். அன்றைக்கு டிகாக்‌ஷன் கடுமையாக இறங்கியிருந்தது. சோயாவை ஊற்றியதும் திரிந்து, கெட்டுப்போன மோர் மாதிரி நின்றது. மறுபடி கலந்தேன், மறுபடி திரிந்தது. வெளியே அவர்கள் எதிர்க்கடையைப் பார்த்துப் பேசிக்கொள்வது தெரிந்தது. அடுப்பில் மாட்டுப்பால் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு டம்ளரில் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தேன். திரியவில்லை. அழகாக, ஒரே நிறமாக வந்தது. அரைச் செம்பு மாட்டுப்பாலை நீலக் கயிற்றுப் பாத்திரத்திலேயே ஊற்றிவிட்டேன். வெள்ளைக்காரர்களுக்கு இது நம் விரதம் மாதிரி ஒரு பழக்கம், தெரியாமல் பட்டால் ஒன்றும் ஆகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். குழந்தை வருவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடலாம்.

மூவரும் குடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

பதினொரு மணிக்கு நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். குடத்தோடு திரும்பினால் வாசலில் அந்த ஸ்கூட்டர். அன்று அவர் ஆபீசுக்கு லீவாம். அக்கா மீன் வாங்கித் திரும்பி, குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தில் நீலக் கயிற்றுப் பாத்திரத்திலிருந்து தானே ஊற்றிக் கொடுத்திருந்தாள். டம்ளர் குழந்தையின் இரண்டு கைக்கு நடுவில் இருந்தது. குழந்தை ஊதிக்கொண்டிருந்தது.

"குடிக்காத! குடிக்காத!" என்று கத்தினேன்.

அக்கா மீனைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அவ கெடக்கறா. கேஸ் நாத்தம் வருதும்பா. நீ குடி கண்ணு."

குடத்தைப் போட்டேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. டம்ளரைத் தட்டிவிட்டேன். அது அப்பாவின் பேண்ட் முழுக்கப் பாலைக் கொட்டிவிட்டு மேசைக்கடியில் உருண்டது. குழந்தை அழ ஆரம்பித்தது.

"என்னம்மா, பைத்தியமா ஒனக்கு?" என்று அப்பா எழுந்தார்.

"பல்லி," என்றேன். "பல்லி வுழுந்துகீது."

அக்கா வந்தாள். பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். மோந்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். செவுளைப் பிரித்துப் பார்க்கிற அதே பார்வை.

"இதுல பல்லி வுழலடி," என்றாள். "மாடு வுழுந்துகீது."

குழந்தையின் அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்தாள். மகளின் வாயைத் திறந்து, உதட்டைத் துடைத்து, கைப்பையிலிருந்து ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் நாங்கள் எல்லோரும் அந்தச் சின்ன உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பால் உள்ளே போயிருக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு அவர்களிடம் திரும்பினாள். "ஊத்தினது இவ. ஆனா கடை என்னுது. மோந்து பாக்காம கொழந்த கைல குடுத்தது நானு. அவ கத்தினாளே, அதையும் நான் கேக்கல."

"உங்க கடை ஒண்ணத்தானக்கா நம்புனோம்," என்றாள் அந்த அம்மா. ஸ்கூட்டர் கிளம்பும்போது, "என் பாலு?" என்று குழந்தை கேட்டது காதில் விழுந்தது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தெருவில் இழுத்துக்கொண்டு போனாள். காலையில் குடித்த மூன்று பேரையும் தேடி லாட்ஜ் லாட்ஜாக ஏறினோம். அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. "மிஸ்டேக். மை ஷாப். கவ்," என்று சொல்லி, புரியாதோ என்று இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக் காட்டினாள். வாங்கிய காசைக் கையில் வைத்தாள். முதல் பெண் கொம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். இரண்டாவது பெண் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே மாட்டுப்பாலைத் தொட்டதில்லையாம்; லாட்ஜ் பையன் கேட்டுச் சொன்னான். அக்காவும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவள் எழுந்தபிறகுதான் எழுந்தாள். விரதம் மாதிரி ஒரு பழக்கம்தானே என்று நான் நினைத்தது அப்போது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மூன்றாவது பெண் எதிர்க்கடையில் இருந்தாள். நான் வாசலிலேயே காலை ஊன்றிக்கொண்டேன். அக்கா விடவில்லை. நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, கொம்போடு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

எதிர்க்கடைக்காரருக்கே தாங்கவில்லை. "ஏம்மா, உங் கடைய நீயே நாறடிச்சுகினு கீற? கம்முனு இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"நாறுதுப்பா. அதான் தூக்கிக் காட்டறேன்."

திரும்பி வந்ததும், "நான் வேலைய வுட்டு நின்னுக்கறேங்க்கா," என்றேன்.

"நின்னுட்டு?" அக்கா அப்போதுதான் மீனையே கவனித்தாள்; பாதி கழுவியது ஈ மொய்த்துக் கிடந்தது. "நீ நின்னுட்டா யாரு கத்துவா? நான் குடி கண்ணு, குடி கண்ணுன்னு சொல்லிகினு நிக்கறேன். நீதாண்டி ஓடியாந்த."

மறுநாள் சோயா அடுப்பைப் பின்னாலிருந்து பெயர்த்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். தெருவில் போகிறவன் நின்று பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். அதில் நான் மட்டும்தான் நிற்க வேண்டும், அவள்கூடத் தொட மாட்டாள் என்று சட்டம் போட்டாள். மாட்டுப்பால் பக்கம் எனக்கு அனுமதி இல்லை. டிகாக்‌ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, சூடான சோயாவில் மெல்ல ஊற்றினால் திரியாது என்று நாலு நாளில் நானே கண்டுபிடித்தேன். அன்றைக்கே கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருந்தால் ஒரு மாட்டையும் உள்ளே தள்ளியிருக்க வேண்டாம்.

கல்பாக்கம் குடும்பம் வரவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, ஐந்து ஞாயிறு. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் அக்கா எட்டிப் பார்ப்பாள். "போய்ப் பாத்துட்டு வரலாமாக்கா?" என்றேன்.

"வேணாம். போய் நின்னா, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வராம வந்து நிப்பாங்க. கொழந்த வெசயம்டி. அவங்களா வரணும். வரலன்னா வரல."

ஆறாவது ஞாயிறு ஸ்கூட்டர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அப்பாவும் மகளும் அங்கேயே இருந்தார்கள். அம்மா மட்டும் தனியாக வந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அக்கா நாற்காலி போட்டாள், உட்காரவில்லை. நான் கையைக் கழுவினேன். பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றிக் கழுவினேன். பயறைத் தேய்ப்பதிலிருந்து ஆரம்பித்தேன். துணி பிழியும்போது பால் அம்மாவின் புடவையில் தெறித்தது. அவள் தட்டிக்கூட விடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை எழுந்தது, அடங்கியது. முதல் டம்ளரை அவளே வாங்கிக் குடித்தாள். பிறகு தெருவைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

குழந்தை வந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் குடித்தது. நான் உதட்டைப் பார்த்தேன். அம்மா உதட்டைப் பார்த்தாள். அக்கா கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து, "இன்னொண்ணு," என்றது குழந்தை.

அம்மா அக்காவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "குடுக்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"ஒரு நிமிசம் இருங்கம்மா. டம்ளர இன்னொரு வாட்டி கழுவிக்கறேன்."

"இப்பக் குடிச்ச டம்ளர்தானம்மா அது?" என்றார் அப்பா.

"கழுவட்டும் சார், வுடுங்க," என்றாள் அக்கா. "நான் அஞ்சு ரூபா ஜாஸ்தி வாங்கறதே இவ இப்டி பயந்துகினு கெடக்கறதுக்குத்தான்."

நான் கழுவினேன். ஒரு தடவை கழுவிவிட்டு, இன்னொரு தடவையும் கழுவினேன்.